எந்த ஊர்ப் பிறை?

ஒகேனக்கல்லுக்கு அண்மையில், காடும் மலையும் சூழ்ந்த இடத்தில், கோபிநத்தம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நேயர்களுள் பலர் இவ்வூரின் பெயரை வேறொரு காரணம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. வீட்டிலும் வீதியிலும் தமிழ். தாலுகா கச்சேரிக் காகிதங்களில் கன்னடம். 1956 நவம்பர் முதல் தேதி வரையில் எங்கள் கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது மைசூரோடு சேர்ந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கியது. எங்கள் பாட்டனார் வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனவர். ஆகவே, வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களோடு பேசுவதற்கு எனக்கும் சிறிது உரிமை உண்டு என எண்ணுகிறேன்.

1990-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். நான் பத்து வயதுச் சிறுவன். மேட்டூரிலிருந்து துணி மூட்டையுடன் ஒரு வியாபாரி மாதம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வருவார். ஊரார் யாவரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைப்பார்கள். கடனுக்குத் துணி கொடுத்துத் தவணை முறையில் பணம் பெற்றுக்கொள்வது அவர் வழக்கம். ஒரு சித்திரை மாதத்தில், ரமலான் நோன்பின் இருபத்தொன்பதாம் நாள், பெருநாள் செலவுக்காகப் பாக்கி வசூலிக்க வந்தவர் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுவிட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில் தங்கினார். விடியற்காலை முதல் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாமல் வெயிலில் வீடு வீடாக நடந்திருந்தார். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய என் தாயார், அவர் சொல்லச் சொல்ல, அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார். சூரியன் மறைந்ததும் அவர் நோன்பு திறந்தார்.

அதன் பிறகுதான் அவருடைய கவலை தொடங்கிற்று. அன்று பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். எங்கள் ஊரிலோ மேற்கே மலை மறைத்துக்கொண்டிருக்கும். அடிவானத்துப் பிறை கண்ணுக்கு அகப்படாது. என் தந்தையார் வானொலிப் பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து, திருச்சியையும் பெங்களூரையும் மாறி மாறித் திருப்பிக்கொண்டிருந்தார். நடுவே, “ஏன் பாய், அங்கே பிறை தெரிந்து இங்கே தெரியவில்லை என்றால் நீங்க எதைக் கணக்கில் வெச்சுக்குவீங்க?” என்று கேட்டார். அவர் தயங்கவே இல்லை. “இன்னிக்கு ராத்திரி எந்த ஊர்ல படுக்கிறேனோ, அந்த ஊர்ப் பிறைதான் அண்ணே” என்றார்.

அன்றிரவு எங்கும் பிறை தென்படவில்லை என்ற செய்தி வந்தது. ‘இன்னும் ஒரு நோன்பும் கிடைத்தது, பிள்ளைகளோடு பெருநாளும் கிடைத்தது’ என்று மகிழ்ந்து, விடிந்ததும் முதல் பேருந்தில் அவர் புறப்பட்டுப் போனார்.

இந்தியா போன்ற பரந்த நாட்டில் நோன்புப் பெருநாள் எவ்வாறு கொண்டாடப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு அந்தத் துணி வியாபாரியின் விடையே போதுமான திறவுகோல் என்று பிற்காலத்தில் எனக்குத் தோன்றிற்று. அதைச் சற்று விரித்துக் காண்போம்.

இஸ்லாமியர் ஆண்டு சந்திரனைக் கொண்டு அமைந்தது. அதற்கு 354 அல்லது 355 நாள்கள். நாம் அன்றாடம் புழங்கும் ஆண்டைவிட அது ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆகையால் ரமலான் மாதம் ஆண்டுக்கு ஆண்டு முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. என் சிறுவயதில் சித்திரையில் கண்ட பெருநாள், மார்கழிக் குளிரையும் ஐப்பசி மழையையும் ஆடிக் காற்றையும் கடந்து, 2023-இல் மீண்டும் சித்திரைக்கே வந்து சேர்ந்தது. ஏழையின் நோன்பு என்றும் கோடையில், செல்வனின் நோன்பு என்றும் குளிர்காலத்தில் என்று அமைந்துவிடாமல், எல்லாருக்கும் எல்லாப் பருவங்களும் வாய்க்கின்றன.

மாதம் என்பது 29 நாள் அல்லது 30 நாள். 29-ஆம் நாள் மாலையில் பிறை கண்டால் அடுத்த மாதம் பிறந்துவிடும். காணாவிடில் முப்பது நாளை நிறைவு செய்ய வேண்டும். மேற்கு அடிவானத்தில் சிறிது நேரமே நின்று மறையும் அந்த நகக்கீற்றைக் கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும். அச்சாட்சியை ஆராய்ந்து பெரியவர்கள் ஏற்க வேண்டும். பிறையை எதிர்நோக்கி நிற்பது தமிழர்க்குப் புதியதும் அன்று. பிறை தொழும் வழக்கத்தைச் சங்கப் பாடல்களே குறிப்பிடுகின்றன. மூன்றாம் பிறை பார்க்கும் பழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இஸ்லாமியர் தொகை 17 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 42 லட்சத்துக்கு மேல். இத்தனை கோடி மக்களும் எந்நாளில் பெருநாள் கொண்டாடுவது என்று ஆணையிடுவதற்கு நாட்டுக்கெல்லாம் பொதுவான ஒரே அதிகாரி இல்லை. தில்லியில் ஜும்மா மசூதியின் இமாமும் ஃபதேபுரி மசூதியின் இமாமும் அறிவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் தலைமைக் காஜி அறிவிக்கிறார். காஜிகளை அரசாங்கம் நியமிப்பதற்கு வழி செய்யும் சட்டம் 1880-இல் இயற்றப்பட்டது. முதற்கண் சென்னை இராஜதானிக்கென்றே அது ஏற்பட்டது என்பதும், பிற மாகாணங்கள் வேண்டினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று விடப்பட்டது என்பதும் நேயர்களுக்குச் சுவையான செய்தியாயிருக்கும்.

அரசாங்கமும் இந்தப் பிறைக்காகக் காத்திருக்கிறது. மத்திய அரசாங்க அலுவலகங்களுக்குரிய கட்டாய விடுமுறைகள் பதினான்கு. அவற்றுள் ஈதுல் பித்ர், ஈதுல் அஸ்ஹா, முஹர்ரம், மீலாது நபி ஆகிய நான்கும் பிறையைப் பொறுத்தவை. ஆதலால் ஆண்டுதோறும் வெளிவரும் சுற்றறிக்கையில் ஒரு விதி தவறாமல் இடம்பெறும். இத்திருநாள்களின் தேதி மாறக்கூடும். வெளிமாநிலங்களில் உள்ள மத்திய அலுவலகங்கள் அந்தந்த மாநில அரசாங்கத்தின் முடிவைப் பின்பற்றலாம். கடைசி நேரத்தில் மாறுதல் நேர்ந்தால் வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை ஆகியவற்றில் வரும் அறிவிப்பையே ஆதாரமாகக் கொண்டு, எழுத்து மூலமான உத்தரவுக்குக் காத்திராமல் விடுமுறை விடலாம் என்பது அதன் கருத்து.

இந்த விதியைப் பற்றி நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளனாகப் பணியேற்ற முதல் ஆண்டில், ஒரு கிளை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகைக்காக அந்தப் பட்டியலைத் தமிழாக்கினேன். தேதிகளையும் பெயர்களையும் ஒழுங்காக எழுதினேன். பிறை பற்றிய பத்தி நீளமாகவும் சுற்றி வளைத்தும் இருந்தது. பட்டியலுக்கு அது வேண்டாத சுமை என்று கருதி விட்டுவிட்டேன். அவ்வாண்டு பிறை ஒரு நாள் தள்ளிப் போயிற்று. பட்டியலில் கண்ட நாளில் அலுவலகம் மூடியிருந்தது; மறுநாள், பெருநாளன்று, திறந்திருந்தது. பலகையிலுள்ள தமிழில் அப்படி ஒரு விதியே இல்லையே என்று அங்கிருந்த பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம். ஓய்வு பெற ஓராண்டே இருந்த கடைநிலை ஊழியர் ஒருவர், காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு, புதுச் சட்டையோடும் அத்தர் மணத்தோடும் பத்து மணிக்கு வேலைக்கு வந்தார். மாலை வரையில் கோப்புகளைச் சுமந்துவிட்டுப் போனார். யாரிடமும் ஒரு சொல் குறை கூறவில்லை. சில வாரங்கள் கழித்து இதை அறிந்தேன். அவரைத் தேடிச் சென்று என் பிழையைச் சொன்னேன். “எழுத்திலே விட்டால் என்ன தம்பி, அடுத்த வருஷம் சேர்த்துடுங்க” என்றார் அவர். அன்று முதல், எந்தப் பத்தியையும் வேண்டாத சுமை என்று நான் தள்ளியதில்லை.

இனி, ஒரே நாட்டில் இரண்டு பெருநாள்கள் நேர்வது எப்படி என்பதைப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டில் கேரளத்தில் ஏப்ரல் 10-ஆம் தேதி பெருநாள். தமிழ்நாட்டிலும் தில்லியிலும் 11-ஆம் தேதி. கர்நாடகத்திலேயே, மங்களூரும் உடுப்பியும் அடங்கிய கடற்கரைப் பகுதி கேரளத்தைப் பின்பற்றி 10-ஆம் தேதியும், மைசூர் முதலிய உட்பகுதிகள் 11-ஆம் தேதியும் கொண்டாடின. இதைக் கேட்டு, ‘இவர்களுக்குள் ஒற்றுமை இல்லையே’ என்று சிரிப்பவர்களும் உண்டு. அது அறியாமையால் வரும் சிரிப்பு.

நபிகள் நாயகத்துக்குப் பிற்பட்ட முதல் தலைமுறையிலேயே இக்கேள்வி எழுந்துவிட்டது. குரைப் என்பவர் ஓர் அலுவலாக மதீனாவிலிருந்து சிரியாவுக்குச் சென்றிருந்தார். அங்கே வெள்ளிக்கிழமை இரவில் ரமலான் பிறையைக் கண்டார். மாதக் கடைசியில் மதீனாவுக்குத் திரும்பியபோது, அங்குள்ளவர்கள் சனிக்கிழமை இரவில்தான் பிறை கண்டதாகத் தெரிந்தது. சிரியாவின் ஆட்சித் தலைவராகிய முஆவியா கண்டதும் நோன்பு நோற்றதும் நமக்குப் போதாவா என்று குரைப் கேட்டார். நாயகத்தின் தந்தையோடு பிறந்தவருடைய மகனாகிய இப்னு அப்பாஸ், போதாது என்றும், நாங்கள் கண்ட பிறையின்படியே முப்பதை நிறைவு செய்வோம் என்றும் விடை கூறினார். ஊருக்கு ஊர் அடிவானம் வேறு என்ற கொள்கைக்கு, சிறப்பாக ஷாஃபி நெறியினர், இச்செய்தியை ஆதாரமாகக் காட்டுவர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபி நெறியினரும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி நெறியினரும் மிகுதி. ஒரே பிறை எல்லார்க்கும் போதும் என்று கொள்வோரும் இருக்கிறார்கள். கருத்து வேறுபாடு பழமையானது. அதில் பகைமை இல்லை.

2024 ஏப்ரல் 10-ஆம் தேதி, தில்லியில் என் அலுவலகத்தில் ஒரு காட்சி. என் பக்கத்து மேசையில் பணியாற்றும் நண்பர் கோழிக்கோட்டுக்காரர். அன்று அவருக்கு நோன்பு. முற்பகலில் அவருடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் பெருநாள் தொழுகை முடிந்து, உறவினர் கூடி, பெரிய பாத்திரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது. ‘நீ இன்றும் நோன்பா?’ என்று தாயார் கேட்டிருக்க வேண்டும். நண்பர் பேச்சை முடித்துவிட்டுச் சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை நோக்கி, “தாயாரின் பெருநாள் வேறு, என் பெருநாள் வேறு ஆகிவிட்டது. ஆனால் நான் இருப்பது தில்லியில் அல்லவா?” என்றார். எனக்குக் கோபிநத்தத்துத் திண்ணை நினைவுக்கு வந்தது. அந்தத் துணி வியாபாரி நோன்பு விதிகளைக் கற்றறிந்த ஆலிம் அல்லர். ஆயினும் இப்னு அப்பாஸின் முடிவையே தம் வாழ்வின் வழியே கண்டிருந்தார்.

பிறை கண்ட இரவு தொடங்கிப் பெருநாள் நடைபெறும் முறையையும் சொல்ல வேண்டும். தொழுகைக்குப் புறப்படுவதற்கு முன்பே ‘ஃபித்ரா’ என்ற தருமத்தைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும், கைக்குழந்தை உட்பட, ஓர் அளவு தானியம் கணக்கிட்டு ஏழைகளுக்கு வழங்குவது அது. வட நாட்டில் அது பெரும்பாலும் கோதுமைக் கணக்கு. நம் பக்கத்தில் அரிசிக் கணக்கு. அன்று ஒருவரும் பசித்திருக்கலாகாது என்பதே நோக்கம். இதனாலேயே தமிழில் ஈகைத் திருநாள் என்ற அழகிய பெயர் வழங்குகிறது. அன்று நோன்பு நோற்பது விலக்கப்பட்டது; ஆகையால் இனிப்பாக ஏதேனும் உண்டுவிட்டே புறப்படுவார்கள். குளித்து, உள்ளவற்றுள் நல்ல ஆடை உடுத்து, திடலிலோ பள்ளிவாசலிலோ கூடித் தொழுவார்கள். தொழுகைக்குப் பின் பேருரை நிகழும். பின்பு ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்வர். போன வழியே வராமல் வேறு வழியாக வீடு திரும்புவது நாயகம் காட்டிய முறை. மைசூரில் திலக் நகர் ஈத்கா மைதானத்திலும், தில்லியில் ஷாஜஹான் கட்டிய ஜும்மா மசூதியின் படிகள் வரையிலும் மக்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டிருக்கிறேன். தொழுகையின் மொழி எங்கும் அரபு. அது முடிந்து வாய் திறந்தால் அந்தந்த ஊர் மொழி.

உணவிலும் அப்படியே. தில்லியில் பாலும் பேரீச்சையும் சேர்ந்த சேமியா; ஐதராபாத்தில் நோன்பு மாத மாலைகளில் ஹலீம்; காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முட்டையும் தேங்காய்ப்பாலும் கூடிய வட்டலாப்பம். ஆனால் நோன்பு மாதம் முழுவதும் தமிழருக்கே உரிய அடையாளமாக விளங்குவது நோன்புக் கஞ்சி. பிற்பகல் தொழுகை வேளைக்குள் பள்ளிவாசல் அண்டாவில் அது தயாராகிவிடும். நொய்யரிசி, பருப்பு, இஞ்சி, பூண்டு, வெந்தயம், புதினா. வசதியுள்ள நாளில் தேங்காய்ப்பாலும் கொத்துக்கறியும். தூக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் அண்டை வீட்டு இந்துக் குழந்தைகளும் இருப்பார்கள். ஊற்றுபவர், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி அரிசி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2001-இல் தொடங்கியது. ஊரடங்கு நிலவிய 2020-ஆம் ஆண்டில், பள்ளிவாசலில் கூடிக் கஞ்சி காய்ச்ச இயலாதிருந்தபோது, அந்த அரிசி நோன்பாளிகளின் வீடுகளுக்கே சேர்ப்பிக்கப்பட்டது. அவ்வாண்டுப் பெருநாள் தொழுகையும் அவரவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795-இல் ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நடைபெறும் ஒரு தொண்டை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அங்கே ரமலான் மாலைகளில் நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறுவோர், மயிலாப்பூரில் ‘சூஃபிதார்’ என்ற வழிபாட்டு இடத்தைச் சார்ந்த தொண்டர்கள். தேசப் பிரிவினைக்குப் பின் சிந்து நாட்டிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் என்னும் இந்துப் பெரியவர் நிறுவிய இடம் அது. பல பத்தாண்டுகளாக அவர்கள் தம் கையாலேயே சமைத்து, கொண்டுவந்து, பந்தியில் பரிமாறி வருகிறார்கள். சொந்த நாட்டை இழந்து வந்த ஒருவர், புகலளித்த ஊரின் பசியைத் தம் பசியாகக் கருதினார். வெளியூரில் வாழ்வது எப்படி என்பதற்கு இதனினும் சிறந்த பாடத்தை நான் அறியேன்.

அன்பர்களே! நீங்கள் பம்பாயிலோ, புனேயிலோ, கல்கத்தாவிலோ, பெங்களூரிலோ இருக்கலாம். சொந்த ஊரின் நினைவு நம்மை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் பண்டிகையும் நம் தேதியும் நம் ருசியுமே சரியானவை என்று மனம் சொல்லும். நோன்பாளி இதில் நமக்கு ஒரு வழி காட்டுகிறார். பெருநாள் எது என்பதற்கு, தாம் இருக்கும் ஊரின் வானத்தைப் பார்க்கிறார். அவ்வூரார் சொல்லும் சாட்சியை நம்புகிறார். அவர்களோடு சேர்ந்து நிற்கிறார். கஞ்சியை மட்டும் தம் ஊர்ப் பக்குவத்தில் காய்ச்சிக்கொள்கிறார். அதையும் அண்டை வீட்டாருக்குப் பகிர்ந்தே உண்கிறார்.

2024-இல் அந்தப் பத்தாம் தேதி மாலை, என் மனைவி நொய்யரிசிக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். கோழிக்கோட்டு நண்பரின் வீட்டுக்குத் தூக்கில் எடுத்துச் சென்றேன். பாங்கொலி கேட்டது. அவர் பேரீச்சம் பழத்தை வாயிலிட்டு, கஞ்சியைப் பருகி, “எங்கள் பக்கத்துச் சீரகக் கஞ்சி போல் இல்லை, ஆனால் நன்றாக இருக்கிறது” என்றார். பிறகு இருவரும் மொட்டை மாடிக்குச் சென்றோம். தில்லிப் புழுதி வானத்தில், மேற்கே, பிறை தெளிவாக நின்றது. அவருடைய தாயார் அதற்கு முந்திய இரவிலேயே கணக்கில் கொண்டுவிட்ட பிறைதான் அது. எங்கள் ஊருக்கு அது அந்த மாலையில்தான் வந்தது.